நிலுவை ஏதும் உண்டா?

ஆவணி 3, வெள்ளி (ஆகஸ்ட் 19)

சிவமயம்.

பால் இரண்டு பாக்கெட் 44. பூ 40. சீடைக்கு எண்ணெய் ஒரு லிட்டர் 168. வெல்லம் 32. ஆக மொத்தம் 284. ஆட்டோ இல்லை, நடந்தே போனேன்.

இன்று மரகதவடிவு அம்மன் கோயிலில் உண்டியல் எண்ணிக்கை. வழக்கம்போலப் பதினெட்டுப் பேர் மண்டபத்தில் வட்டமாக உட்கார்ந்தோம். போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். நோட்டுக்கு பேங்க்காரர் மிஷின் கொண்டுவந்திருந்தார். எனக்கு ஐந்து ரூபாய் நாணயம். நூறு நூறாக அடுக்கிப் பையில் போட வேண்டும். பதினொரு பை ஆனது, மறு எண்ணிக்கையில் ஒன்றுகூடக் குறையவில்லை.

பக்கத்தில் இருந்த கோமு அக்காதான் பேச்சை எடுத்தாள்.

"ஒலகு, போர்டுல நோட்டீஸ் பாத்தியா? அறங்காவலருக்கு ஆள் எடுக்காவளாம். அஞ்சு பேர்ல ஒரு பொம்பள கட்டாயம் இருக்கணுமாம். நீ எழுதிப் போடு."

"படிச்சவங்களைப் போடுவாங்கக்கா."

"படிச்சவ வந்து என்னத்த கிழிக்கப் போறா? நீ எண்ணுத எண்ணுல அந்த மிஷினே வெக்கப்பட்டு நிக்கி."

எல்லாரும் சிரித்தார்கள். கோயில் கணக்கர் சங்கரவேலு நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், "நல்ல யோசனைதான். அம்மன் பாதத்துக்கு வெள்ளிக் கவசம் குடுத்த கையாச்சே? மேல இருந்து கேட்டா நானே சொல்லுவேன்" என்றார்.

நான் நாணயத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏழாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் நான். பஞ்சாங்கம், பேப்பர், பலசரக்குப் பொட்டலம் கட்டிவந்த காகிதம் என்று கிடைத்ததை எல்லாம் படித்துப் படித்துத்தான் எழுத்து கையில் நின்றது. கோயில் பிரசாதக் கடையை ஏலம் எடுத்து நடத்திய காலத்தில் கணக்கும் வந்தது. நோட்டீசில் கீழே போட்டிருந்தது: இது அரசு நியமனம், சம்பளம் கிடையாது. கோயில் நிலம், நகை, வரவு செலவு எல்லாவற்றுக்கும் பொறுப்பு. சம்பளம் கிடையாது என்ற வரியைப் படித்தபோதுதான் எனக்கு ஆசை வந்தது.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

ஆவணி 4, சனி

அவர் காலையிலேயே போய் விண்ணப்பப் படிவம் வாங்கி வந்துவிட்டார். வரும் வழியில் முடிவெட்டும் கடையில் உட்கார்ந்து நான்கு பேரிடம் சொல்லியும் வந்திருக்கிறார். என் போட்டோ எட்டுப் பிரதி 80 ரூபாய். இரண்டு போதும், எட்டு எதற்கு என்றேன். "ஆர்டர் வந்ததும் பேப்பர்ல போடக் கேப்பாம்லா" என்றார்.

ஆவணி 6, திங்கள் (ஆகஸ்ட் 22)

பால் 44. கீரை 15. தேங்காய் மூன்று 75. மொத்தம் 134.

படிவத்தில் பதினான்கு கேள்வி. பெயர், வயது 54, கணவர் பெயர் ஆறுமுகநயினார், தொழில் என்ற இடத்தில் இல்லத்தரசி. நாங்கள் கல்யாண வீடுகளுக்கு முறுக்கும் அதிரசமும் போட்டுக் கொடுப்பதையும் அவர் எழுதச் சொன்னார், எழுதினேன். வழக்கு ஏதும் உண்டா, இல்லை. திவால் ஆனவரா, இல்லை. கோயில் சொத்தைக் குத்தகைக்கு வைத்திருக்கிறீர்களா, இப்போது இல்லை. பிரசாதக் கடையை விட்டு இரண்டு வருடம் ஆகிவிட்டது.

பதினோராவது கேள்வி: விண்ணப்பதாரர் மேற்படி திருக்கோயிலுக்குச் செலுத்த வேண்டிய நிலுவை ஏதும் உண்டா? அதற்குக் கீழே பொடி எழுத்தில், எவ்வகை நிலுவை இருந்தாலும் அறங்காவலர் ஆவதற்குத் தகுதி இல்லை என்று அச்சடித்திருக்கிறது.

அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற பதின்மூன்றையும் முடித்தேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். "இதை ஏன் விட்டுட்ட? கொரோனா பாக்கியா? அதான் கடை மூடிக் கெடந்த மாசத்துக்கெல்லாம் தள்ளுபடி பண்ணிட்டானுவள்லா."

"ஆமா."

"அப்ப இல்லைன்னு போடு."

"கணக்கர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுதேன்."

அவர் சொன்னது சரிதான். மார்ச்சிலிருந்து ஜூன் வரை நான்கு மாதத் தவணை தள்ளுபடியாகிவிட்டது. அதைப் பற்றி மட்டும்தான் அவர் கேட்டார். நான் மறைத்தேன் என்று ஆகாது.

ஆவணி 7, செவ்வாய்

பீரோ மேல்தட்டில் இருக்கும் பழைய கணக்கு நோட்டுகளைத் தூசி தட்டினேன். இருபது வருட நோட்டும் இருக்கிறது. 2019, 2020 சேர்ந்த நோட்டு மட்டும் அகப்படவில்லை.

மாலையில் அகப்பட்டது. கந்தசஷ்டிக் கவசப் புத்தகங்களுக்கு அடியில் துணியில் சுற்றி இருந்தது. நான்தான் வைத்திருப்பேன். பிரிக்காமல் திரும்ப அங்கேயே வைத்துவிட்டேன். நேரம் ஆகிவிட்டது, விளக்கேற்ற வேண்டும்.

இன்றைய செலவைக் கூட்டிப் பார்த்தால் 60 ரூபாய் உதைக்கிறது. மூன்று முறை கூட்டினேன். இருபது வருடத்தில் இப்படி ஆனதில்லை.

ஆவணி 8, புதன் (ஆகஸ்ட் 24)

இன்று பிரதோஷம். அபிஷேகத்துக்குப் பால் அரை லிட்டர் கொடுத்தேன். சுவாமி தரிசனம் முடித்து அம்மன் சன்னிதிக்கு வந்தபோது பட்டர் அலங்காரம் முடித்து ஆரத்தி காட்டிக்கொண்டிருந்தார். பாத கவசம் புளிபோட்டுத் துலக்கியதுபோல் மின்னியது. பட்டர் என்னைப் பார்த்ததும் தட்டைக் கொஞ்சம் தாழ்த்தி அம்மன் பாதத்துக்கு நேராகக் காட்டினார். நான் வந்தால் அப்படிச் செய்வது அவர் வழக்கம். இரண்டரை வருடமாக அதைப் பார்த்து நான் மகிழாத நாள் இல்லை. இன்று கண்ணை மூடிக்கொண்டேன்.

திரும்பும்போது ஆபீசில் சங்கரவேலு தனியாக இருந்தார்.

"வாங்கம்மா. படிவம் முடிஞ்சுதா? வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி கடைசி நாள், பாத்துக்கோங்க."

"முடிஞ்ச மாதிரிதான். ஒரு சந்தேகம் கேக்கலாமா?"

"கேளுங்க."

"ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம். ஒருத்தர் கோயிலுக்கு ஏதோ ஒரு வகையில பணம் கட்டணும். கட்டல. ஆனா அதே நேரத்துல அதே தொகைக்கு அம்மனுக்கு ஒரு உபயம் செஞ்சிருக்காரு. ரசீது இருக்கு. அதுக்கும் இதுக்கும் கழிச்சிக்கிட முடியுமா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "உபயம் சாமிக்குக் குடுத்தது. அது சாமி சொத்து. பாக்கி ஆபீசுக்கு வரவேண்டியது. கழிக்க வழி கிடையாது."

"ரெண்டும் ஒரே கோயில்தான சார்?"

"கோயில் ஒண்ணுதாம்மா. ரிஜிஸ்டர் வேற வேற. ஒருத்தரு லைட் பில்லைக் கட்டாம, மின்சார ஆபீஸ் வாசல்ல கோலம் போட்டேன்னு சொன்னா ஏத்துக்கிடுவானா?" அவரே சொல்லி அவரே சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "ஒருத்தருன்னா, யாரு?" என்று கேட்டார்.

"சும்மா. பக்கத்து வீட்டுல பேசிக்கிட்டாங்க."

அவர் தலையை ஆட்டினார். எழுந்து பின்னாலிருந்த தட்டில் எதையோ தேடத் தொடங்கினார். நான் வந்துவிட்டேன்.

ஆவணி 10, வெள்ளி (ஆகஸ்ட் 26)

பால் 44. பூ 40. சங்கரவேலு போன் செய்து பதினோரு மணிக்கு வரச் சொன்னார். ராகு காலம் என்றேன். அப்படியானால் பன்னிரண்டரைக்கு வாருங்கள் என்றார்.

போனேன். மேஜைமேல் நிலுவைப் பதிவேட்டை விரித்து வைத்திருந்தார். எந்தக் கடைக்காரர் எவ்வளவு கட்ட வேண்டும், எவ்வளவு கட்டினார், எவ்வளவு நிற்கிறது என்று மூன்று கட்டம். பிரசாதக் கடை என்பதற்கு நேராக என் பெயர். அந்த வருடம் என் வீட்டுக்காரர் உடம்புக்கு முடியாமல் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்ததால் ஏலத்தை என் பெயரில்தான் எடுத்திருந்தோம். மாதம் 15,500. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூன்றும் நிற்கிறது. 46,500. மார்ச் முதல் ஜூன் வரை சிவப்பு மையில் தள்ளுபடி.

"இத நீங்க கவனிக்கலன்னு நெனைக்கேன்" என்றார்.

மூன்று கட்டத்தையும் கூட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது.

"நோட்டீஸ்கூட ஒண்ணு அனுப்பிருக்கு. ஏதோ ஒரு ஞாபகத்துல கையெழுத்துப் போட்டு வாங்கிருக்கீங்க."

போஸ்ட்மேன் வந்தபோது நான் மாவு இடித்துக்கொண்டிருந்தேன் என்பது நினைவிருக்கிறது.

அவர் குரலைத் தாழ்த்தினார். "பதறாதீங்கம்மா. தள்ளுபடி உத்தரவுல மாசத்தை ஆபீஸ்லதான் நெரப்புனோம். நாலு மாசத்தை ஏழு மாசம்னு ஆக்கிருதேன். கொரோனா கொரோனான்னு ஒரே குழப்பமாக் கெடந்த காலம், யாரு போய்ப் பாக்கப் போறா? நிலுவை பூஜ்யம்னு கடிதமும் தந்துருதேன். நீங்க உள்ள வாங்க. அது போதும்."

"எதுக்கு சார் எனக்கு இவ்வளவு உபகாரம்?"

"உபகாரம் என்ன உபகாரம். மடப்பள்ளி அரிசி பில்லு, எண்ணெய் பில்லு எல்லாம் மாசாமாசம் அறங்காவலர் கையெழுத்துக்கு வரும். புது ஆளுன்னா நொட்டை நொள்ளைன்னு கேட்டுக்கிட்டே இருப்பான். நீங்கன்னா நம்ம ஆளு. ஒருத்தருக்கொருத்தர் அனுசரிச்சுப் போலாம்."

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தேன். அவருக்குக் கோபம் இல்லை. வாசல்வரை வந்து செருப்பைக்கூட எடுத்துத் திருப்பி வைத்தார்.

வழியெல்லாம் கூட்டிக்கொண்டே வந்தேன். ஒரு கையெழுத்துக்கு ஒரு கையெழுத்து. யாருக்கும் நஷ்டமில்லாத மாதிரித்தான் தெரிகிறது. கோயிலுக்கு நஷ்டம் 46,500. அந்த 46,500 வெள்ளியாகக் கோயிலிலேயே இருக்கிறது. அப்படியானால் நஷ்டமில்லை. வீட்டுப் படியேறும்வரை இந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

ஆவணி 11, சனி

அமாவாசை. காக்கைக்குச் சோறு வைத்தேன், வெகு நேரம் வரவில்லை.

ஆவணி 12, ஞாயிறு

கோமு அக்கா வந்து, "அறங்காவலர் அம்மா, ஒரு சொம்பு மோர் கிடைக்குமா, இல்ல மனு எழுதிக் குடுக்கணுமா?" என்று நின்றாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஒரு கல்யாண வீட்டு ஆர்டர், நூற்றிருபது அதிரசம். இரண்டு ஈடு கருகிவிட்டது.

ஆவணி 13, திங்கள் (ஆகஸ்ட் 29)

இன்று எழுதுவதை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் பூஜை முடித்து, துணியில் சுற்றிய நோட்டை எடுத்துப் பிரித்தேன். எல்லாம் என் கையெழுத்தில் இருக்கிறது.

2019 கார்த்திகையில் அவருக்கு நெஞ்சுவலி வந்து திருநெல்வேலியில் ஆபரேஷன் நடந்தது. காப்பீட்டு அட்டையில் செலவு கழிந்தது. ஆபரேஷன் அறைக்கு வெளியே நான்கு மணி நேரம் நின்றேன். தாயே, இவரைத் திருப்பிக் கொடு, உன் பாதத்துக்கு வெள்ளி சாத்துகிறேன் என்று வேண்டினேன். எவ்வளவு வெள்ளி, என்ன விலை என்றெல்லாம் அப்போது கேட்டுக்கொள்ளவில்லை. என் வாழ்நாளில் விலை கேட்காமல் ஒப்புக்கொண்டது அது ஒன்றுதான்.

அவர் பிழைத்து வீட்டுக்கு வந்தார். மார்கழி பிறந்தது. கடையை நான் ஒருத்தியாக நடத்தினேன். வருடத்திலேயே மார்கழியும் தையும்தான் நல்ல வியாபாரம். புளியோதரை பத்து மணிக்குள் தீர்ந்துவிடும். தவணைப் பணம் 15,500 தனியாக டப்பாவில் சேர்ந்தது. ஆபீஸ் கவுன்டருக்குப் போகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டு, வெள்ளிக் கடைக்குப் போனேன். தை மாதமும் அப்படியே. மாசியிலும் அப்படியே. முக்கால் கிலோவுக்கு மேல் வந்தது, செய்கூலி தனி. நோட்டில் மூன்று மாதமும் "கோயிலுக்குக் கட்டியது 15,500" என்று எழுதியிருக்கிறேன். பொய் என்று சொல்ல முடியாதபடி எழுதியிருக்கிறேன்.

ஆபீசுக்குச் சித்திரையில் சேர்த்துக் கட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். பங்குனியில் நடை சாத்திவிட்டார்கள். அதன்பிறகு எல்லாரும் கொரோனா பாக்கி, கொரோனா பாக்கி என்று பேசினார்கள். அந்தப் பேச்சுக்குள் என் மூன்று மாதமும் போய்ப் படுத்துக்கொண்டது. நானும் எழுப்பவில்லை.

மாசி மகத்தன்று கவசம் சாத்தியபோது பட்டர் என் பெயரைச் சொல்லி அர்ச்சனை செய்தார். நூறு பேராவது பார்த்தார்கள். அந்த நாளைக்குப் பிறகுதான் என்னை உண்டியல் எண்ணக் கூப்பிட்டார்கள். இப்போது அறங்காவலருக்கு என் பெயரைச் சொல்வதும் அதனால்தான்.

பதினோரு மணிக்கு இரண்டு வளையலை எடுத்துக்கொண்டு கூட்டுறவு வங்கிக்குப் போனேன். இரண்டு பவுன். நகைக்கடன் 47,000 கொடுத்தார்கள்.

மத்தியானம் சாப்பாடு வைக்கும்போது அவர் என் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"ஏளா, வளையல எங்க?"

"வங்கியில வச்சிருக்கேன்."

"எதுக்கு?"

சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். ஆஸ்பத்திரி நடை, வெள்ளிக் கடை, மூன்று மாதம், நோட்டீஸ், சங்கரவேலு சொன்ன வழி, ஒன்றையும் விடவில்லை. அவர் சோற்றைப் பிசைந்தவர் பிசைந்தபடியே இருந்தார்.

"அப்ப அம்மனுக்குக் கவசம், நீ சீட்டுப் பிடிச்சுச் செஞ்சேன்னு சொன்னதெல்லாம்?"

"சீட்டு எதுவும் கிடையாது."

"ரெண்டரை வருசமா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"நெஞ்சு ஆபரேஷன் பண்ணின ஆள்கிட்ட எப்படிச் சொல்ல?"

"மொத வருசம் சரி. அடுத்த வருசமும் நெஞ்சத் தொறந்தேவா வச்சிருந்தேன்?"

எனக்கு அழுகை வந்தது. அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டார். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "நாப்பத்தாறாயிரத்தி ஐநூறு" என்றார். "எனக்கு இவ்வளவு வெலை உண்டுன்னு தெரியாமப் போச்சு. எங்க அண்ணன்மார்ட்ட சொன்னா நம்ப மாட்டானுவ."

பிறகு சிரிப்பில்லாமல் சொன்னார். "சங்கரவேலு சொன்ன வழி வேண்டாம். நாளைக்குப் பணத்தக் கட்டிரு. கட்டிட்டா பாக்கி இல்லதான? இல்லைன்னே எழுது. அது பொய் இல்லையே. பழங்கதை எதுக்கு?"

அதுதான் நானும் நினைத்தது. கையிருப்பு: கடன் தொகை 47,000, வீட்டுப் பணம் 2,310.

ஆவணி 14, செவ்வாய் (ஆகஸ்ட் 30)

ராகு காலத்துக்கு முன்பே போய்விட்டேன். கவுன்டரில் 46,500 கட்டி ரசீது வாங்கினேன். சங்கரவேலுதான் எழுதினார்.

"கட்டித்தான் ஆகணும்னு யாரு சொன்னா? வேண்டாத செலவு" என்றார்.

"வீட்டுல சொன்னாங்க."

"சரி. உங்க இஷ்டம்." இந்த முறை எழுந்து வரவில்லை.

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து பதினோராவது கேள்விக்கு "இல்லை" என்று மையால் எழுதிப் படிவத்தைக் கொடுத்தேன். எழுத்து கொஞ்சம் கோணிவிட்டது. மற்றபடி உண்மைதான். இன்றைய தேதிக்கு நிலுவை இல்லை.

மனசு லேசாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஆவணி 15, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை நாற்பத்தொன்று. ஒன்றும் விரியவில்லை.

ஆவணி 27, திங்கள் (செப்டம்பர் 12)

பால் 44. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் இல்லை என்றான். தையற்கூலி 120. மொத்தம் 164.

பெண்களில் மூன்று பேர் விண்ணப்பம் போட்டிருப்பதாகக் கோமு அக்கா சொன்னாள். ஒருத்தி ஓய்வுபெற்ற டீச்சர், இன்னொருத்தி அரிசி ஆலைக்காரர் மருமகள். "உன் பேருதான் முன்னால நிக்கி. பட்டரே சொன்னாரு. டீச்சருக்கு முட்டுவலி, அந்த மருமக கோயிலுக்கு வாரதே தேரோட்டத்துக்குத்தான்" என்றாள். அறநிலையத் துறை ஆய்வாளர் வியாழக்கிழமை ஒவ்வொரு வீடாக வந்து விசாரிக்கப் போகிறாராம். அவர் எழுதுவதைத்தான் மேலே பார்ப்பார்களாம்.

வீட்டுக்காரர் முன்னறைக்கு வெள்ளையடிக்கலாமா என்று கேட்கிறார். மூன்று நாளில் காயாது என்றேன்.

ஆய்வாளர் என்ன கேட்பார் என்று யோசித்தபடி இருக்கிறேன். ஏன் பாக்கி என்று கேட்டால் கொரோனா நேரம் என்று சொல்லலாம். அதைச் சொன்னால் யாரும் அடுத்த கேள்வி கேட்பதில்லை. இரண்டரை வருடமாகக் கேட்டதில்லை.

ஆவணி 30, வியாழன் (செப்டம்பர் 15)

ஆய்வாளர் பதினொன்றரைக்கு வந்தார். பெயர் திலகராணி. சின்ன வயதுப் பெண், முப்பது இருக்கலாம். ஸ்கூட்டரில் வந்ததால் முகமெல்லாம் வேர்த்திருந்தது. மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக்கொண்டார். அதில் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

என் கணக்கு நோட்டுகளைப் பார்க்கலாமா என்று கேட்டார். இருபதையும் எடுத்து வைத்தேன். அங்கங்கே புரட்டிப் பார்த்துவிட்டு, "எங்க ஆபீஸ்லகூட இப்படி இருக்காதும்மா" என்றார். அவர், அதாவது என் வீட்டுக்காரர், கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் பல் தெரிந்தது.

பிறகு ஆய்வாளர் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். நான் பணம் கட்டிய ரசீதின் நகல்.

"ஒரே ஒரு விஷயம்தான். விண்ணப்பம் குடுத்த அன்னைக்கே 46,500 கட்டியிருக்கீங்க. நிலுவை இப்ப இல்ல, அதனால தகுதியில எந்தப் பிரச்சினையும் இல்ல. ஆனா அது எதனால நின்னுச்சுன்னு உங்க வாக்குமூலமா ஒரு வரி நான் எழுதியாகணும்." சொல்லிவிட்டு அவரே தொடர்ந்தார். "2019-20 கணக்கு. கொரோனா டயம்தான, தெரியுமே." என்னைப் பார்க்காமலே எழுத ஆரம்பித்துவிட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறக்காமல் இருப்பது எனக்குப் பழக்கம்.

எழுதி முடித்துப் பேனாவை என் பக்கம் நீட்டினார். "கையெழுத்துப் போடுங்கம்மா."

"ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்க மேடம். வாசிக்காம நான் எதுலயும் போட மாட்டேன்."

"அதான் நோட்டைப் பாத்தாலே தெரியுதே" என்று சிரித்து வாசித்தார். "மேற்படி கடைக்கான டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மாதத் தவணைகளைக் கொரோனா பெருந்தொற்று காரணமாக உரிய காலத்தில் செலுத்த இயலவில்லை என்றும், பின்னர் முழுத் தொகையையும் செலுத்திவிட்டதாகவும் தெரிவிக்கிறார்."

பேனாவை வாங்கினேன். பெயருக்குக் கோடு போட்டிருந்த இடத்தில் முனையை வைத்தேன். டிசம்பர் என்ற சொல் பக்கத்திலேயே இருந்தது. அடுத்து கொரோனா.

"தேதி பொருந்தல மேடம்" என்றேன்.

"என்னது?"

"மார்கழியில ஏது மேடம் கொரோனா? நடை சாத்துனது பங்குனியில. மார்கழியில நாலு மணிக்கே வரிசை நிக்கும். நான் ஒரு நாளைக்கு மூணு அண்டா புளியோதரை வித்தேன்."

கதவோரத்தில் அவர் இருமினார்.

திலகராணி என்னை நிமிர்ந்து பார்த்தார். "அம்மா, இது நானா உங்களுக்காக எழுதினது. யாரும் மாசத்த எண்ணிப் பாக்க மாட்டாங்க."

"நான் பாத்துட்டேனே."

"அப்ப ஏன் கட்டல?"

சொன்னேன். முன்பு வீட்டுக்காரரிடம் சொன்ன அளவு நீளமாகச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் வேண்டிக்கொண்டேன், கடைப் பணத்தை எடுத்துக் கவசம் செய்தேன், ஆபீசுக்குக் கட்டவில்லை. நோட்டீஸ் வந்ததும் தெரியும்.

திலகராணி மோர் டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தார். "சாமிக்குத்தான செஞ்சீங்க. உங்களுக்குன்னு ஒரு பைசா எடுக்கலயே. எனக்குப் புரியுது. ஆனா இதை எழுதினா எப்படி ஆகும் தெரியுமா? கோயிலுக்குச் சேர வேண்டிய பணத்தைக் கையில வச்சுக்கிட்டு வேற செலவு செஞ்சவங்கன்னு ஆகும். பணத்தைக் கட்டினாலும் அது ஆகும். உங்க பேரு மேல போகாதும்மா."

"தெரியும் மேடம்."

"நாளைக்கு நீங்க உள்ள இருந்தா நல்லது நடக்கும்னு நான் நெனைக்கிறேன். அதனாலதான் சொல்றேன்."

நல்ல பெண். அவரை ஏமாற்றம் கொள்ள வைப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. கதவுப் பக்கம் திரும்பினேன். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அவ தேதி விஷயத்துல ஒத்துக்கிட மாட்டா மேடம். கல்யாண நாளைக்கூட நான் தப்பாச் சொன்னா விட மாட்டா" என்றார்.

நான் பேனாவால் "கொரோனா பெருந்தொற்று காரணமாக" என்ற மூன்று சொற்களின்மேல் ஒரே கோடாக இழுத்தேன். கீழே இருப்பது படிக்கத் தெரியும்படிதான் அடிக்க வேண்டும், கணக்கில் கிறுக்கக் கூடாது. ஓரத்தில் சிறு கையெழுத்துப் போட்டு இன்றைய தேதியும் போட்டேன்.

"அந்த இடத்துல என்ன எழுதட்டும்?" என்று கேட்டார்.

"கடையில வந்த பணத்தை எடுத்து அம்மனுக்குப் பாத கவசம் செஞ்சதனாலன்னு எழுதுங்க."

எழுதினார். மெதுவாக எழுதினார். மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொன்னேன், வாசித்தார். மாதம், தொகை, பெயர் எல்லாம் பொருந்தின. கையெழுத்துப் போட்டேன்.